மெர்ல் ஓபரான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெர்ல் ஓபரான் பெயரை எடுத்தாலே "இலங்கைப் பெண்ணாமே", "டாஸ்மேனியான்னு போட்டிருக்கே", "ஆஸ்கர் வாங்கினாராமே" என்று அதே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தேவைப்பட்டால் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. மெர்ல் ஓபரான் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

1930களிலும் 40களிலும் லண்டனிலும் ஹாலிவுட்டிலும் கதாநாயகியாக நின்றவர். 1911 பிப்ரவரி 19 அன்று பம்பாயில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்து, பதினேழு பதினெட்டு வயதில் கப்பலேறியவர். 'த டார்க் ஏஞ்சல்' (1935) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். இன்றும் அதிகம் பார்க்கப்படுவது 'வுதரிங் ஹைட்ஸ்' (1939). கலிஃபோர்னியாவின் மாலிபுவில் 1979 நவம்பர் 23 அன்று பக்கவாதத்தால் இறந்தார்.

இந்தியாவில் பிறந்ததையும் கலப்பு வம்சாவளி என்பதையும் வாழ்நாள் முழுக்க அவர் வெளியில் சொல்லவில்லை. கீழே வரும் பாதிக் கேள்விகள் அதிலிருந்து கிளம்பியவைதான்.

2. பிறந்த ஊர் எது? டாஸ்மேனியா, பம்பாய், கல்கத்தா மூணும் பார்த்திருக்கேன்.

பம்பாய். பிறப்புப் பதிவு இருக்கிறது. கல்கத்தா வளர்ந்த ஊர். 1917-ல் அங்கே குடிபெயர்ந்தார்கள். டாஸ்மேனியா ஸ்டுடியோ விளம்பரத் துறை கட்டிய கதை (7-ஐப் பாருங்கள்). பழைய திரைப்பட அகராதிகளில் "ஹோபார்ட், டாஸ்மேனியா" என்றிருந்தால் அது அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டது. 1983-க்கு முன் அச்சான எந்த நூலிலும் பிறந்த ஊரை நம்பாதீர்கள் (20-ஐப் பாருங்கள்).

3. அம்மா பேரு சார்லட்டா, கான்ஸ்டன்ஸா? ஏன் ரெண்டு பேர் வருது?

வளர்த்தவர் சார்லட் செல்பி. பெற்றவர் சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். அதாவது மெர்ல் "அம்மா" என்று அழைத்தவர் உண்மையில் பாட்டி. "அக்கா" என்று நினைத்தவர் தாய். பிரசவத்தின்போது கான்ஸ்டன்ஸ் சிறுமி, 14 வயதைத் தாண்டவில்லை. தந்தை என்று குறிக்கப்படுபவர் இங்கிலாந்தின் டார்லிங்டனைச் சேர்ந்த பொறியாளர் ஆர்தர் தாம்சன். அவர் சார்லட்டின் துணைவர். இதைக் "குடும்ப ரகசியம்" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமை அது. ஊர்வாய்க்குப் பயந்து சார்லட் குழந்தையைத் தன் மகளாக வளர்த்தார்.

தாம்சன் 1914-ல் படையில் சேர்ந்து, மேற்குப் போர்முனையில் நிமோனியாவால் இறந்தார். அதன் பிறகு வறுமை. இரண்டு பெயர்களும் புழங்குவதற்குக் காரணம், 1983-ல் வந்த வாழ்க்கை வரலாறு சார்லட்டையே தாய் என்று எழுதியது. கான்ஸ்டன்ஸ் பற்றிய உண்மை அதற்குப் பல ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது (20).

4. அப்போ இலங்கைக்காரரா? தமிழ் வழி இருக்கா?

சார்லட் இலங்கையிலிருந்து வந்தவர். ஐரோப்பிய, ஆசியக் கலப்பு. நியூசிலாந்து மாவோரி வழியும் கொஞ்சம் உண்டு என்று சொல்லப்படுகிறது. கான்ஸ்டன்ஸின் தந்தை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் ஐரிஷ்காரர். இலங்கைத் தொடர்பு இவ்வளவுதான், ஆனால் இது உண்மையான தொடர்பு. தமிழ் வழி என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. "ஹாலிவுட்டின் முதல் தமிழச்சி" என்று சுற்றும் பதிவைப் பார்த்தால் பகிராமல் விட்டுவிடுங்கள்.

பலர் "பறங்கியர்" என்று எழுதுகிறார்கள். இலங்கையில் அந்தச் சொல் போர்த்துக்கீசிய, டச்சுத் தந்தைவழியினருக்கு உரியது. பிரிட்டிஷ் தந்தைக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்தவர்களை அந்தக் காலத்தில் "யூரேசியர்" என்றே தனியாகப் பிரித்தார்கள். மெர்லைப் பொறுத்தவரை இந்தியக் கணக்கில் அவர் ஆங்கிலோ இந்தியர். தந்தைவழி ஐரோப்பியர், பிறந்தது இந்தியாவில் என்பதுதான் அரசமைப்புச் சட்டத்தின் 366(2) பிரிவு தரும் வரையறை. அந்தப் பெயரை அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது 1911 குடிக்கணக்கில். அவர் பிறந்த அதே ஆண்டு.

5. குவீனிங்கிறது யாரு? ஓபரான்ங்கிற பேரு எங்கேருந்து வந்தது?

எல்லாம் ஒரே ஆள்தான். முழுப்பெயர் எஸ்டெல் மெர்ல் ஓ'பிரையன் தாம்சன். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜுடன் இந்தியா வந்த மேரி அரசியை நினைத்து வீட்டில் வைத்த செல்லப்பெயர் குவீனி. லண்டனில் ஆரம்பத்தில் எஸ்டெல் ஓ'பிரையன், மெர்ல் ஓ'பிரையன் என்றெல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் ஓ'பிரையன் திரிந்து ஓபரான் ஆனது. பழைய படங்களின் நடிகர் பட்டியலில் தேடும்போது இந்த எல்லாப் பெயர்களையும் பார்க்க வேண்டும். தாம்சன் என்பதிலும் எழுத்துக்கூட்டல் இரண்டு விதமாக வரும்.

6. கல்கத்தாவுல இருந்த ஏழைப் பொண்ணு லண்டன் சினிமாவுக்கு எப்படிப் போக முடிஞ்சது?

லா மார்ட்டினியர் பெண்கள் பள்ளியில் உதவித்தொகையில் சேர்ந்தார். கலப்பு இனம் என்ற கேலி தாங்காமல் நின்றுவிட்டு வீட்டில் படித்தார். கல்கத்தா அமெச்சூர் நாடகச் சங்கத்தில் மேடை ஏறினார். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார். சௌரங்கியின் ஃபிர்போஸ் உணவகத்துக்குப் போய்வந்தார். அங்கே பழகிய ஒரு முன்னாள் நடிகர், பிரான்சின் நீஸ் நகரில் விக்டரின் ஸ்டுடியோ நடத்திய இயக்குநர் ரெக்ஸ் இங்ராமிடம் அறிமுகப்படுத்துவதாகச் சொன்னார். சார்லட்டின் நிறத்தைப் பார்த்ததும் அந்த ஆள் விலகிக்கொண்டார். ஆனாலும் சொன்ன வாக்குப்படி இங்ராமிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். பாட்டியும் பேத்தியும் பிரான்ஸ் போய்ச் சேர்ந்து, 'த த்ரீ பேஷன்ஸ்' படத்தில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலை கிடைத்தது.

பிறகு லண்டன். கஃபே த பாரி இரவு விடுதியில் ஹோஸ்டஸ் வேலை, நடுவில் சின்னச் சின்ன வேடங்கள். ஹங்கேரியிலிருந்து வந்து லண்டன் ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் கோர்டா 1932-ல் ஒப்பந்தம் போட்டார். எட்டாம் ஹென்றி பற்றிய 1933 படத்தில் ஆன் பொலினாகச் சில நிமிடம்தான் வருகிறார், தலையை வெட்டிவிடுவார்கள். அந்தச் சில நிமிடம் போதுமாக இருந்தது. அடுத்த ஆண்டே 'த ஸ்கார்லெட் பிம்பர்னெல்' படத்தில் லெஸ்லி ஹோவர்டுக்கு ஜோடி. ஒப்பந்தத்தில் ஒரு பங்கை கோர்டா ஹாலிவுட்டின் சாமுவேல் கோல்ட்வினுக்கு விற்றார். அப்படித்தான் லண்டனுக்கும் ஹாலிவுட்டுக்கும் மாறி மாறிப் போக ஆரம்பித்தார்.

7. டாஸ்மேனியாவை யாரு கண்டுபிடிச்சா? அதுவும் ஏன் டாஸ்மேனியா?

கோர்டாவின் விளம்பர ஆட்கள். உயர்குடித் தந்தை வேட்டையில் இறந்தார், பெண் குழந்தை இந்தியாவில் இருந்த பிரபு குடும்பத்து ஞானப் பெற்றோரிடம் வளர்ந்தாள் என்று கதை. நுட்பமான வேலை இது: ஹோபார்ட் என்றால் வெள்ளைக்கார ஊர், பிரிட்டிஷ் கொடி, ஆனால் லண்டன் நிருபர் டிராம் பிடித்துப் போய் விசாரிக்க முடியாத தூரம். வாய் தவறி இந்தியா பற்றி ஏதாவது வந்துவிட்டாலும் சமாளிக்க, கதைக்குள்ளேயே இந்தியாவையும் வைத்துவிட்டார்கள்.

கதை கையை மீறிப் போனதுதான் வேடிக்கை. டாஸ்மேனியாக்காரர்கள் அவரை உண்மையாகவே சொந்தம் கொண்டாடினார்கள். உள்ளூர் ஓட்டலில் வேலை பார்த்த சீன வம்சாவளிப் பெண்ணின் மகள் என்று அங்கே இன்னொரு கதை முளைத்தது. 1978-ல் ஹோபார்ட் மேயர் அவருக்கு வரவேற்பு வைத்தார். பிறக்காத ஊரில் "மண்ணின் மகள்" என்று மாலை வாங்கும் நிலை.

8. அழகும் திறமையும் இருக்கு, அப்புறம் ஏன் பொய் சொல்லணும்? பயந்தாங்கொள்ளித்தனம் இல்லையா?

அன்றைய விதிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் 1917 குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப் பகுதியாக அறிவித்தது. இந்தியர் "வெள்ளையர்" அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் குடியேறவே முடியாது என்றது 1924 சட்டம். இந்தியர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது 1946 ஜூலையில், அதுவும் ஆண்டுக்கு 100 பேர் என்ற கணக்கில்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட்டின் தயாரிப்பு விதித் தொகுப்பு இனக் கலப்புக் காதலைத் தடை செய்தது. எழுத்தில் கறுப்பர், வெள்ளையர் என்றுதான் இருந்தது. நடைமுறையில் ஆசியருக்கும் நீட்டினார்கள். சீன அமெரிக்கரான அன்னா மே வோங்கின் கதி கண்ணெதிரே இருந்தது. 'த குட் எர்த்' (1937) சீனக் குடியானவர் கதை. நாயகன் வேடம் வெள்ளைக்காரரான பால் முனிக்குப் போனதால், மனைவி வேடம் வோங்குக்குக் கிடைக்க வழியே இல்லாமல் போனது. அதை வாங்கி ஆஸ்கரும் பெற்றவர் லூயிஸ் ரெய்னர். மெர்ல் உண்மையைச் சொல்லியிருந்தால் கோழை என்ற பெயர் வந்திருக்காது. கதாநாயகி என்ற பெயரும் வந்திருக்காது.

9. ஆஸ்கர் வாங்கினாரா இல்லையா?

வாங்கவில்லை. 1936 மார்ச்சில் நடந்த 8-வது விழாவில் பரிந்துரைப் பட்டியலில் ஆறு பேர்: எலிசபெத் பெர்க்னர், கிளாடெட் கோல்பர்ட், பெட்டி டேவிஸ், கேத்தரின் ஹெப்பர்ன், மிரியம் ஹாப்கின்ஸ், மெர்ல் ஓபரான். விருது பெட்டி டேவிஸுக்கு. மெர்லுக்கு அதுதான் முதலும் கடைசியுமான பரிந்துரை. 'வுதரிங் ஹைட்ஸ்' எட்டுப் பரிந்துரை பெற்றது, அதில் அவர் பெயர் இல்லை.

10. அப்போ 2023-ல மிஷெல் யோவை "முதல் ஆசிய நடிகை"ன்னு சொன்னது தப்பா?

சிறந்த நடிகை விருதை வென்ற முதல் ஆசியர் யோதான், அதில் சிக்கல் இல்லை. பரிந்துரை என்று வந்தால் 87 ஆண்டு முன்பே மெர்ல். அதனால்தான் பரிந்துரை அறிவித்த சமயத்தில் சில பத்திரிகைகள் "ஆசியராகத் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் முதல் நடிகை" என்று சுற்றி வளைத்து எழுதின. அந்த வாசகத்தைப் படித்துவிட்டுத்தான் பலர் மெர்லைத் தேட ஆரம்பித்தார்கள்.

11. விவியன் லீயும் இவரும் ஒண்ணா? ரெண்டு பேரும் இந்தியாவுல பிறந்த நடிகைங்கதானே?

வேறு வேறு ஆட்கள். விவியன் லீ 1913-ல் டார்ஜிலிங்கில் பிறந்தவர், பிறந்த ஊரை மறைக்கவில்லை. 'கான் வித் த விண்ட்' நாயகி அவர். குழப்பத்துக்கு நியாயமும் இருக்கிறது: இருவரும் கோர்டாவிடம் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் கேத்தி வேடத்தைக் கேட்டவர் விவியன் லீ. அவருக்குத் தருவதாகச் சொன்னது இரண்டாம் வேடமான இசபெல்லா. அவர் மறுத்துவிட்டார், கேத்தி மெர்லிடம் இருந்தது.

12. 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல் படிச்சிட்டுப் படம் பார்த்தா பாதிதான் இருக்கு. என்கிட்ட இருக்கிற பிரதி வெட்டினதா?

வெட்டவில்லை. நாவலின் 34 அத்தியாயங்களில் ஏறக்குறைய முதல் பாதியைத்தான் எடுத்தார்கள். அடுத்த தலைமுறைக் கதை படத்தில் கிடையாது. யார்க்‌ஷயர் புல்வெளி என்று காட்டுவதெல்லாம் கலிஃபோர்னியா. இயக்கம் வில்லியம் வைலர். படம் வாங்கிய ஒரே ஆஸ்கர் கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவுக்கு. மெர்லுக்கும் லாரன்ஸ் ஒலிவியேவுக்கும் படப்பிடிப்பில் ஒத்துப்போகவில்லை. நெருங்கி வசனம் பேசும்போது எச்சில் தெறிக்கிறது என்று மெர்ல் சொல்ல, அதுவே பெரிய சண்டையானது.

இன்னொன்றைக் கவனியுங்கள். நாவலில் கறுத்தவன், எங்கிருந்தோ வந்தவன், ஒருவேளை இந்தியக் கப்பலாளின் பிள்ளையோ என்று பேசப்படுபவன் ஹீத்கிளிஃப். படத்தில் அவனாக நடித்தவர் ஆங்கிலேயப் பாதிரியாரின் மகனான ஒலிவியே. எதிரே வெள்ளைக்கார வீட்டுப் பெண் கேத்தியாக நின்றவர் பம்பாயில் பிறந்தவர். செட்டில் இருந்த யாருக்கும் அந்த முரண் தெரியாது, ஒருத்தரைத் தவிர.

13. 'ஐ, கிளாடியஸ்' படம் இவரோட விபத்தாலதான் நின்னதா?

அதிகாரபூர்வக் காரணம் அதுதான். 1937 மார்ச்சில் லண்டனில் கார் விபத்து, முகத்தில் காயம், படம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே படம் தள்ளாடிக்கொண்டிருந்தது. நாயகன் சார்லஸ் லாட்டனுக்குக் கதாபாத்திரம் பிடிபடவில்லை, இயக்குநர் யோசெஃப் ஃபான் ஸ்டெர்ன்பெர்கோடு ஒத்துப்போகவும் இல்லை. விபத்து தயாரிப்பாளர் கோர்டாவுக்கு வெளியேற ஒரு வாசலைக் கொடுத்தது என்று சொல்வதுதான் சரி. எடுத்தவரை உள்ள காட்சிகள் தப்பிப் பிழைத்தன. 1965-ல் பிபிசி அவற்றை வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தது. மெர்லும் அதில் பேசுகிறார்.

14. முகத்துல தழும்பு இருந்ததா? படத்துல ஒண்ணுமே தெரியலையே.

இரண்டு வகைச் சேதம். ஒன்று 1937 விபத்தின் வடுக்கள். இரண்டாவது 1940-ல்: அழகுசாதனப் பொருள் நஞ்சானதும் சல்ஃபா மருந்து ஒவ்வாமையும் சேர்ந்து தோலைப் பாதித்தன. நியூயார்க்கில் ஒரு தோல் நிபுணரிடம் பலமுறை டெர்மாப்ரேஷன், அதாவது தோலின் மேலடுக்கைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சை, செய்துகொண்டார். பாதி பலன்தான். மேக்கப் இல்லாமல் பார்த்தால் சிறு குழிகள் தெரிந்தன.

மேக்கப் போட்டால் மறையாதா என்பார்கள். மேக்கப் நிறத்தைச் சமன் செய்யும், குழியை நிரப்பாது. கெட்டியாக அப்பினால் குழியின் விளிம்பில் திரண்டு இன்னும் எடுத்துக்காட்டும். அங்கேதான் லைட் வருகிறது.

15. ஓபி லைட், ஓபி லைட்னு சொல்றாங்களே, அது இவர் பேரா? எப்படி வேலை செய்யுது?

ஆமாம், ஓபரான் என்பதன் சுருக்கம்தான் ஓபி. 'த லாட்ஜர்' (1944) படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் அவருக்காக அமைத்தது. கேமராவிலேயே, லென்ஸை ஒட்டிப் பொருத்தும் சின்ன விளக்கு. உபகரணம் இவ்வளவுதான், விஷயம் இடத்தில் இருக்கிறது.

தோலில் 1 மில்லிமீட்டர் ஆழக் குழி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். விளக்கு 45 பாகைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் குழியின் சுவர் 1 மில்லிமீட்டர் நீள நிழலைப் போடும். பக்கத்திலிருக்கும் லென்ஸ் அதைக் கறுப்புப் புள்ளியாகப் பார்க்கும். அதே விளக்கை லென்ஸிலிருந்து 10 செ.மீ. தள்ளி மாட்டுங்கள், நடிகை 1.5 மீட்டரில் நிற்கட்டும். இப்போது லென்ஸுக்கும் விளக்குக்கும் இடையிலான கோணம் 4 பாகைக்கும் குறைவு. நிழலின் நீளம் 0.07 மில்லிமீட்டருக்குள். குழி அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் கேமரா பார்க்கும் திசையில் நிழல் இல்லை. கூடவே கண்மணியின் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். கண் உயிரோடு தெரியும். இன்று ஓபியைப் பெரும்பாலும் இந்தப் பொட்டுக்காகத்தான் போடுகிறார்கள்.

16. எங்க குறும்படத்துல ஓபி போட்டோம், முகம் சப்பையா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வந்துடுச்சு. எங்கே தப்பு?

ஓபியை மெயின் லைட்டாக்கிவிட்டீர்கள். அது துணை லைட். கீ லைட்டைவிட, அதாவது மெயின் லைட்டைவிட, 2 ஸ்டாப் குறைவாக (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வைத்து ஆரம்பியுங்கள். தழும்பு இன்னும் தெரிந்தால் ஓபியைக் கூட்டுவதற்கு முன் கீ லைட்டை 45 பாகையிலிருந்து 20-25 பாகைக்கு லென்ஸ் பக்கம் நகர்த்துங்கள். அதிலேயே பாதி வேலை முடியும். பின்னாலிருந்து தலைமுடிக்கு ஒரு லைட் இருந்தால் முகம் சுவரோடு ஒட்டாது.

கேமராவோ நடிகரோ நகரும் ஷாட்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2 மீட்டரில் நின்றவர் 1 மீட்டருக்கு வந்தால் ஓபியின் வெளிச்சம் முகத்தில் 4 மடங்காகும், அதாவது 2 ஸ்டாப். பாதி வழியைச் சற்றுத் தாண்டி, 1.4 மீட்டரிலேயே 1 ஸ்டாப் ஏறிவிடும். நகர நகர ஒருவர் டிம்மரில் குறைக்க வேண்டும். குண்டு பல்பாக இருந்தால் டிம்மரில் குறைக்கும்போது வெளிச்சம் சிவக்கும். கறுப்பு வெள்ளையில் அது பெரிய தொந்தரவில்லை, வண்ணத்தில் கன்னம் செங்கல் மாதிரி ஆகும். எல்.இ.டி. என்றால் இந்தச் சிக்கல் குறைவு.

மற்றவை: எண்ணெய் வழியும் நெற்றியில் பளபளப்பு நேராக லென்ஸுக்குத் திரும்பி வரும், ஒவ்வொரு டேக்குக்கும் முன் பவுடர் ஒற்றுங்கள். கண்ணாடி போட்ட நடிகருக்கு ஓபி வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தலையைச் சுற்றி நிழல் விளிம்பு விழும்.

17. கலர் படத்துல நிறம் தெரிஞ்சிடும்னு கறுப்பு வெள்ளையில மட்டும் நடிச்சாராமே?

தவறு. 'த டைவர்ஸ் ஆஃப் லேடி எக்ஸ்' (1938), 'ஓவர் த மூன்' (1939) இரண்டும் டெக்னிகலர். 'எ சாங் டு ரிமெம்பர்' (1945) படத்திலும் வண்ணத்தில்தான், ஷோப்பனின் காதலி ஜார்ஜ் சாண்டாக வருகிறார்.

18. பெத்த அம்மாவையே வேலைக்காரின்னு சொன்னாராமே? இதுக்கு என்ன சமாதானம்?

சார்லட் லண்டனில் மெர்லோடுதான் இருந்தார். விருந்தினர் வந்தால் அவரை வீட்டுப் பணிப்பெண் என்று சொல்லி வைத்ததாக வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சார்லட்டின் நிறம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை 6-வது பதிலில் வரும் ஆள் மெர்லுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். சமாதானம் என்று ஒன்று இருக்கிறதா என்பது வாசிப்பவர் பாடு.

சார்லட் 1937-ல், அதே விபத்து நடந்த வசந்தத்தில், இறந்தார். 1949-ல் மெர்ல் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து சார்லட்டின் உருவத்தை ஓவியமாக வரையச் செய்தார். அதன் பிறகு எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அந்த ஓவியம் சுவரில் இருந்தது.

19. கல்யாணம், குழந்தைங்க?

நான்கு திருமணம். கோர்டா (1939-45), 1942-ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்ததால் மெர்ல் "லேடி கோர்டா" ஆனார். அடுத்து 15-ல் வரும் லூசியன் பல்லார்ட் (1945-49). பிறகு தொழிலதிபர் புரூனோ பாலியாய் (1957-73). மெக்சிகோவில் வாழ்ந்தார்கள், இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். கடைசியாக, 'இன்டர்வல்' (1973) படத்தில் உடன் நடித்த ராபர்ட் வோல்டர்ஸ், 1975 முதல் இறக்கும்வரை.

20. உண்மை எப்போ வெளியில வந்தது? சாகிறதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டாரா?

பகிரங்கமாக ஒத்துக்கொள்ளவில்லை. இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1983-ல் வந்த வாழ்க்கை வரலாறு பம்பாய்ப் பிறப்பை வெளிப்படுத்தியது. அதிலும் ஒரு அடுக்கு பாக்கி இருந்தது. கான்ஸ்டன்ஸுக்குப் பின்னாளில் பிறந்த மகன் ஒருவர் பம்பாய் அரசுப் பதிவில் மெர்லின் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்திருந்தார். தாய் என்ற இடத்தில் தன் அம்மாவின் பெயர். சித்தி என்று நினைத்திருந்தவர் உண்மையில் தன் அக்கா என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மெர்லைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் வரை போனார். மெர்ல் சந்திக்க மறுத்தார். 1983 நூலாசிரியரிடம் அவர் இதைச் சொல்லவில்லை. 2002-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆவணப்படம் எடுத்தவரிடம்தான் சொன்னார்.

21. எங்க குடும்பத்துலயும் ஒரு ஆங்கிலோ இந்தியப் பாட்டி. இதே மாதிரி பதிவு தேடணும்னா எங்கே போகணும்?

கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஆங்கில 'N' எழுத்து வரிசையில் 1 வங்காளம், 2 மதராஸ், 3 பம்பாய். ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணம் கட்டிப் பக்கங்களைப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச்சில் பெயர்ப் பட்டியல் இலவசம். நகராட்சிப் பிறப்புப் பதிவு இதிலிருந்து தனி, அதை அந்தந்த ஊரில்தான் கேட்க வேண்டும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. செல்லப்பெயரில் தேடுவது (மெர்லைக் குவீனி என்று தேடினால் கிடைக்க மாட்டார்). ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்வது. தேவாலயப் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. குடும்பம் சொன்னதைத்தான் பாதிரியார் எழுதினார், மறைக்க நினைத்த குடும்பம் அங்கேயும் மறைத்திருக்கும். இலங்கை வழி என்றால் இந்த வரிசையில் தேடிப் பயனில்லை. இலங்கை இந்தியா ஆபீஸின் கீழ் இல்லாத தனிக் குடியேற்றம். கொழும்பு வூல்ஃபெண்டால் போன்ற தேவாலயங்களின் பதிவேடுகளையும், 1908-ல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கத்தின் இதழில் வந்த வம்சாவளிப் பட்டியல்களையும் பாருங்கள்.

22. உண்மையிலேயே நல்ல நடிகைதானா, இல்லை கதைதான் பெருசா? எந்தப் படத்துல ஆரம்பிக்கிறது?

எல்லாப் படமும் நல்ல படம் இல்லை. அழகைக் காட்ட மட்டும் நிறுத்தி வைத்த படங்கள் நிறைய. ஆரம்பிக்க 'தீஸ் த்ரீ' (1936) பொருத்தம்: ஒரு சிறுமி கிளப்பிவிடும் வதந்தியில் இரண்டு ஆசிரியைகளின் வாழ்க்கை நொறுங்கும் கதை, இயக்கம் வைலர். மிகை கொஞ்சமும் இல்லாமல் நடித்திருக்கிறார். அடுத்து 'த டார்க் ஏஞ்சல்', பிறகு 'வுதரிங் ஹைட்ஸ்'. நகைச்சுவைக்கு எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'தட் அன்சர்ட்டன் ஃபீலிங்' (1941), எதிர்பார்க்காத லாகவம்.

'த லாட்ஜர்' படத்தைக் கடைசிக்கு வையுங்கள். கதை ஜாக் த ரிப்பர் காலத்து லண்டன். மற்றவர்கள் முகத்திலெல்லாம் கறுத்த நிழல் பாதிக்குப் பாதி வெட்டும். மெர்லின் குளோசப் வரும்போது நிறுத்திப் பாருங்கள். கன்னத்தில் நிழல் எவ்வளவு குறைவு என்று தெரியும், இரண்டு கண்ணிலும் அந்தப் பொட்டைத் தேடுங்கள்.